சூசையின் கயிற்றை நாங்கள் தொடவில்லை

காக்கி உடுத்திய காலத்தில் ரவுடியைப் பார்த்திருக்கிறேன், மந்திரியைப் பார்த்திருக்கிறேன். எவரைக் கண்டும் நான் வாய் பிளந்ததில்லை. திரேஸ்புரம் கடற்கரையில் ஒரு காலை மட்டும் அப்படி நின்றேன். புதிதாக டூட்டிக்கு வரும் பிள்ளைகளுக்காக அதைச் சொல்கிறேன். அப்போது நான் எஸ்.எஸ்.ஐ.

வயர்லெஸ் மைக்கில் தகவல் வந்து ஓடினோம். சூசை சங்கு குளிக்கிறவர். மனநோய்க்குச் சாப்பிட்டு வந்த மாத்திரையை நிறுத்திவிட்டிருந்தார். கரையோரம் நின்ற வள்ளத்தின் விளிம்பில், கத்தியைத் தன் கழுத்தில் வைத்தபடி, "கீழ என்னக் கூப்பிடுதாவ, நான் போணும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் மனைவி மணலில் கிடந்து கதறினாள்.

இன்ஸ்பெக்டர் ஊருக்குப் புதுசு. "ஏறி அமுக்குங்கய்யா! கேஸப் போட்டு லாக்கப்ல வைங்க!"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "அய்யா, மனநலச் சட்டப்படி இவர லாக்கப்ல வைக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டு போணும். நாம ஏறப்போயி அவரு கழுத்த அறுத்துக்கிட்டா, கோர்ட்டுல நாமதான் பதில் சொல்லணும்."

"அப்போ வேடிக்கை பார்க்கச் சொல்றீங்களாம்மா?"



அப்போதுதான் சூசையின் மைத்துனன் மிக்கேல் ஒரு கயிற்றோடு வந்தான். சங்கு குளிப்பவர் கடலில் மூழ்கும்போது, இடுப்புக் கயிற்றின் மறுமுனையை வள்ளத்தில் நிற்கும் பெண்டாட்டியின் தம்பியிடம்தான் கொடுப்பார். அக்கா தாலியை அறுக்க எந்தத் தம்பி துணிவான்? மிக்கேல் ஒரு முனையைக் கையில் பிடித்துக்கொண்டு கயிற்றை வள்ளத்தில் எறிந்தான். சூசை அதைப் பார்த்தார். கத்தியை இடுப்பில் செருகிவிட்டு, தினமும் செய்கிறவர்போலக் கயிற்றைக் கட்டிக்கொண்டார். யாத்தாடி, எனக்கு மயிர்க்கூச்செறிந்தது!

கட்டியதுதான் தாமதம், எங்கள் கான்ஸ்டபிள் ஒருவர் கயிற்றைப் பிடித்து இழுக்கப் பாய்ந்தார்.

"தொடாதீய சார்!" என்று மிக்கேல் சீறினான். "இழுத்தா அந்தப் பக்கம் பாஞ்சிருவாரு!"

பிறகு கயிற்றை இரண்டு முறை சுண்டினான். மேலே வா என்று அர்த்தம். கீழே இருப்பவர் பதிலுக்குச் சுண்டினால்தான் தூக்குவார்களாம். சூசை தண்ணீரையே பார்த்தார். மிக்கேல் மறுபடி சுண்டினான். காத்திருந்தான். மறுபடி சுண்டினான். இன்ஸ்பெக்டர் கையைக் காட்ட, ஓங்கியிருந்த லத்திகள் எல்லாம் தாழ்ந்தன.

சூசையின் முனையிலிருந்து கயிறு ஒரு சுண்டு சுண்டியது.

"மாதாவே!" என்று அவர் மனைவி எழுந்து ஓடினாள். சூசை இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி நடந்து வந்தார். மிக்கேல் மெல்லக் கயிற்றைச் சுருட்டி, கத்தியை வாங்கிக்கொண்டான்.

"ஜீப்பை ஜி.எச்.சுக்கு விடுங்க. சைரன் வேண்டாம்," என்றார் இன்ஸ்பெக்டர்.

ஆஸ்பத்திரிப் பெஞ்சில் சூசை கேட்டார்: "மாப்ள, ரொம்ப ஆழமோ?"

"ரொம்ப ஆழந்தான், அத்தான். நீங்கதான் பதிலுக்குச் சுண்டுனிய. நான் சும்மா புடிச்சிட்டு நின்னேன்."

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அதன்பின் இப்படிப்பட்ட எந்த இடத்துக்குப் போனாலும், லத்தியை ஜீப்பிலேயே வைத்துவிட்டு, "இவருக்கு வேண்டியவங்க யாரு?" என்றுதான் முதலில் கேட்டேன்.