அத்தை திருப்பிக் கேட்காத சாமான்கள்

எங்கள் வீட்டுக்குள் ஸ்பானிஷ் மொழி நுழைந்தது சமையலறை வழியாகத்தான். ஜீவனஹள்ளியில் அப்போது எங்களுக்கு இரண்டே அறைகள். அப்பா, அம்மா, நான், அப்பாவின் தங்கையான அத்தை. வெளிநாட்டுக்காரர்களோடு போனில் பேசுவது அத்தையின் வேலை. ஸ்பானிஷ் பரீட்சையில் தேறுகிறவர்களை மட்டும் வைத்துக்கொள்வோம் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் ஆம்பூர் வரனுக்குச் சரி சொல்லிவிட வேண்டும் என்று அப்பாவும் சொல்லிவிட்டார். அந்த வரனை அத்தைக்குப் பிடிக்கவில்லை. எனக்கும்தான். பெண் பார்க்க வந்த அன்று எனக்கு ஒரு வாய் கூட வைக்காமல் கேசரியை முழுக்க அவரே தின்றுவிட்டார்.

அத்தைக்கு மற்றதெல்லாம் வந்துவிட்டது. 'உனக்கு', 'அதை' இரண்டும் ஒரே வாக்கியத்தில் சேர்ந்து வந்தால் மட்டும் நாக்கு சிக்கிக்கொள்ளும். அதற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். சீப்பை எடுத்து என் கையில் வைத்து, "தே லோ தோய்" என்பாள்.

"உனக்கு, அதை, தர்றேன். பாத்தியாடி, அப்படியே நம்ம தமிழ் மாதிரி. இங்கிலீஷ்தான் கோணல்."

அதே சீப்பை நான் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தால் அத்தை "செ லோ தாஸ்" என்று சொல்ல வேண்டும். அவளுக்கு அதைத் தருகிறாய் என்று அர்த்தம். அங்கே 'செ லோ' என்பதற்குப் பதில் 'லே லோ' என்று உளறிவிடுவாள். உடனே தலையில் குட்டிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். ஆட்டம் முடிந்ததும் எல்லாச் சாமானையும் நான் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் சட்டம்.

ஒருநாள் உப்பு ஜாடி என் கைக்கு வந்தது. அம்மா அடுப்பை விட்டுப் பாய்ந்து வந்தாள்.

"உப்பைக் கையில குடுக்காதே, கீழ வை. சண்டை வரும்."

"ஸ்பானிஷ்ல குடுத்தாலுமா அண்ணி?" என்றாள் அத்தை. அம்மாவே சிரித்துவிட்டாள்.

பரீட்சை ஒரு சனிக்கிழமை நடந்தது. மத்தியானமே திரும்பி வந்த அத்தை செருப்பைக் கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். அப்பா எதிரே வந்து நின்றார்.

"கம்ப்யூட்டர்ல ஒரு அம்மா கேள்வி கேட்டாங்கண்ணா. முகம் மட்டும்தான் தெரிஞ்சுது. கையே தெரியல. யாரும் கை நீட்டலன்னா எனக்குப் பேச்சே வர மாட்டேங்குது."

அப்பாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "பேஜார் பண்ணாம சொல்லு. பாஸா, இல்லையா?"

இல்லையென்று தலையை ஆட்டினாள். வேறு வேலை தேடிக்கொள்கிறேன், கொஞ்சம் பொறுங்கள் என்று கெஞ்சிப் பார்த்தாள். "சும்னே இரு" என்று அப்பா கன்னடத்தில் சத்தம் போட்டார். அத்தையும் பதிலுக்குச் சத்தம் போட்டாள். அவள் அழுதது எனக்குத் தாங்கவில்லை. எல்லாம் அந்த உப்பு ஜாடியால் வந்தது என்று எனக்குத் தெரியும். சமையலறைக்குப் போய், ஜாடியை அலமாரியிலிருந்து எடுத்துத் தரையில் வைத்துவிட்டு வந்தேன்.

சாயங்காலம் அத்தை என்னைக் கூப்பிட்டாள். "வாடி, ஆடலாம்."

கைக்கடிகாரத்தைக் கழற்றி என் கையில் கட்டினாள். "தே லோ தோய்." ஆபீஸ் பையைத் தோளில் மாட்டிவிட்டாள். "தே லோ தோய்." குடையைக் கொடுத்து அம்மாவிடம் அனுப்பினாள். "செ லோ தாஸ்." எங்கும் நாக்கு தடுக்கவில்லை. குடையை வாங்கிக்கொண்ட அம்மா திரும்பி நின்று கண்ணைத் துடைத்தாள். நான் வழக்கம்போலக் கடிகாரத்தை அவிழ்க்கப் போனேன்.

"வச்சுக்கோடி. அங்க எனக்கு இதெல்லாம் எதுக்கு?"

எங்கே என்று நான் கேட்கவில்லை. கடிகாரம் எனக்கே என்றானதும் தலைகால் புரியவில்லை. உள்ளறையில் அப்பா ஆம்பூருக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். தோளில் பை தொங்க ஓடிப்போய் அவர் முன்னால் நின்றேன்.

"அப்பா, அத்தை ஒரு தப்புகூடப் பண்ணல! பாஸ்!"

அப்பா போனைக் கையால் பொத்திக்கொண்டு என்னையே பார்த்தார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பி, "ஆமாங்க, எங்களுக்குச் சம்மதம்தான்" என்றார். அவருக்குக் காது கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் இன்னும் உரக்கச் சொன்னேன்.