பார்ஷியாலிட்டி இல்லாத தீபம்

தீபம் நெருங்கினால் ஊரில் எல்லோருக்கும் பக்தி வரும். எனக்கு அலுப்புதான் வரும். திருவண்ணாமலையில் மலை தெரிகிற மாதிரி ஒரு மொட்டை மாடி வைத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். வருஷம் முழுக்க எட்டிப் பார்க்காத சொந்தமெல்லாம் அன்றைக்குப் பையும் பாயுமாக வந்து இறங்கும். வா என்று சொல்லவும் வேண்டாம், போ என்று சொல்லவும் முடியாது.

இது தொண்ணூறுகளில், நான் ஆறாவதோ ஏழாவதோ படித்தபோது நடந்தது. எங்கள் வீட்டுக்கு இரண்டு கோஷ்டி வரும். அப்பாவின் தங்கை குடும்பம் கீழ்பென்னாத்தூரிலிருந்து. அம்மாவின் தங்கை குடும்பம் வேலூரிலிருந்து. முந்தின வருஷம் சித்தி வீட்டார் முதலில் ஏறி, மாடிக் கைப்பிடிச் சுவரை ஒட்டி வரிசையாக நின்றுவிட்டார்கள். பின்னால் வந்த அத்தை வீட்டாருக்குச் சித்தப்பாவின் முதுகுதான் தெரிந்ததாம். அத்தையின் கணவர், எனக்கு மாமா, வேங்கிக்காலில் அரசாங்க உத்தியோகம் பார்த்தவர். கிளம்பும்போது செருப்பை மாட்டிக்கொண்டே அம்மாவிடம், “எல்லாம் நல்லா செஞ்ச தங்கச்சி. கொஞ்சம் பார்ஷியாலிட்டி மட்டும் ஜாஸ்தி” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஒரு வார்த்தை அம்மாவை வருஷம் பூராவும் அரித்தது. ஓரவஞ்சனை என்று தமிழில் சொல்லியிருந்தால் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி அன்றைக்கே முடித்திருப்பாள். இங்கிலீஷில் சொன்னதால் அது ஆபீஸ் மெமோ மாதிரி ஆகிவிட்டது. எனக்கு அர்த்தம் தெரியவில்லை. அப்பாவைக் கேட்டேன். “உங்கம்மா அவ தங்கச்சிக்கு முறுகலா தோச போட்டுட்டு, என் தங்கச்சிக்குப் பிஞ்சு போனதப் போடறா பாரு, அதான்” என்றார், பேப்பரிலிருந்து முகத்தை எடுக்காமல். அம்மாவைக் கேட்டேன். “அவங்களுக்குக் கம்மியாயிட்டா அதுக்குப் பேரு பார்ஷியாலிட்டி. ஜாஸ்தியாயிட்டா அதுக்குப் பேரே கெடையாது” என்றாள். எந்த அகராதியும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது.

மறு வருஷம் தீபத்தன்று காலையில் அம்மா விரதத்தோடு அடுப்பைப் பற்றவைத்தாள். கூடவே இரண்டு தீர்மானம். ஒன்று, அந்த வார்த்தை இந்த வீட்டில் இனி ஒலிக்கக் கூடாது. இன்னொன்றை என்னிடம் மட்டும் சொன்னாள். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்ததிலிருந்து, மலை உச்சியில் தீபம் ஏறுகிற அந்த நொடியை அவள் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் அடுப்படியில் மாட்டிக்கொள்வாள். “இந்த வருஷம் நானும் மேல வந்து பாத்துடணும்டி. நேரமாச்சுன்னா வந்து கூப்புடு” என்றாள். குரலில் ஒரு கெஞ்சல் இருந்தது. அம்மா என்னிடம் எதையும் அப்படிக் கேட்டதில்லை.

அன்றைக்கு எல்லாம் சமம். ஒரே மாதிரி டம்ளர், ஒரே அளவு சர்க்கரை. அத்தை பிள்ளைக்கு ஒரு அதிரசம் கொடுத்தால் சித்தி பிள்ளையைத் தேடிப்போய்க் கையில் திணிப்பாள், அவன் வேண்டாம் வேண்டாம் என்று ஓடினாலும் விட மாட்டாள். மாடியைக் கோலமாவால் நடுவில் கோடு போட்டு இரண்டாகப் பிரிக்கும் பொறுப்பு எனக்கு. போட்டேன். போட்ட பிறகுதான் பக்கத்து மனையில் புதிதாக எழும்புகிற லாட்ஜ், ஒரு பாதிக்கு மலையை முக்கால்வாசி மறைப்பது தெரிந்தது. அந்தப் பாதி யாருக்கு என்று பேச்சு கிளம்பியது. குரல்கள் ஏறின. நான்தான் மலை தெரிகிற பாதியிலேயே எல்லோரும் ஸ்கூல் பிரேயர் மாதிரி உயர வரிசையில் நிற்கலாம் என்றேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். கட்டையான அத்தையும் கட்டையான சித்தியும் முன்வரிசையில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் நின்றார்கள். மாமா கடைசி வரிசையில் நின்று, “இது நியாயம்” என்றார்.

ஆறு மணி நெருங்கியது. தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கில்லை. மலையில் தீபம் தெரிந்த பிறகுதான் எங்கள் பக்கம் விளக்கேற்றுவார்கள். நான் கீழே ஓடிப்போய் அம்மாவைக் கூப்பிட்டேன். முகம் கழுவி, பட்டுப்புடவை மாற்றி, தலையில் பூவோடு தயாராக இருந்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.

பாதிப் படி ஏறியிருந்தபோது வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு ஆட்கள் வந்தார்கள். மாமாவின் அண்ணன் குடும்பம், கீழ்பென்னாத்தூரிலிருந்து. வேன் நெரிசலில் சிக்கி, இறங்கி நடந்தே வந்திருந்தார்கள். எங்களை உரசிக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். மாமா மேலிருந்து எட்டிப் பார்த்தார்.

“தங்கச்சி, எங்கண்ணன் அவ்ளோ தூரம் நடந்து வந்துருக்காரு. வேலூர்காரங்க ரெண்டு வாட்டி காபி குடிச்சிட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லல, சும்மா சொன்னேன்.”

பின்னாலேயே அப்பாவின் குரல் வந்தது. “போட்டுக் குடுத்துட்டு வாயேன். தீபம் எங்க போயிடப் போவுது? பதினோரு நாள் எரியும்.”

அம்மா என் கையை விட்டாள். “நீ போய்ப் பாரு” என்று இறங்கிப் போனாள். நானும் போனேன். போகாமல் என்ன செய்வேன், எனக்கும் பார்க்க வேண்டுமே! உயர வரிசையில் எனக்கு நல்ல இடம் கிடைத்திருந்தது.

உச்சியில் ஒரு பொறி தெரிந்தது, அடுத்த கணம் சுடர் எழுந்தது. ஊரே அரோகரா என்று அலறியது. அத்தையும் சித்தியும் தங்களை மறந்து ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா காபித் தட்டோடு மேலே வந்தாள். முதல் டம்ளரை மாமாவின் அண்ணனுக்குக் கொடுத்தாள். மாமா மனம் குளிர்ந்து, “இந்த வருஷம் பார்ஷியாலிட்டியே இல்ல தங்கச்சி!” என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அம்மா சிரித்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் போனதும் அந்த வார்த்தையை டீச்சரிடம் சொன்னேன். வாக்கியத்தில் வைத்துச் சொல் என்றார். எங்கள் வீட்டில் யாருக்கும் பார்ஷியாலிட்டி கிடையாது என்று இங்கிலீஷில் சொன்னேன். டீச்சர் கைதட்டச் சொன்னார். சாயங்காலம் வந்து அம்மாவிடம் ஒப்பித்தேன். அவள் விருந்தாளிகள் விட்டுப்போன பாய்களை உதறிக்கொண்டிருந்தாள்.

“யாருக்கும்னா, என்னையும் சேத்தா சொன்ன?” என்று கேட்டாள்.

எனக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. “நீ எப்டிம்மா அதுல வருவ? நீதான குடுக்கறவ?” என்றேன்.

“ஆமால்ல” என்று சொல்லிவிட்டு, அடுத்த பாயை எடுத்து உதறினாள்.