பூனை சொல்ல, டிராகன் பேசியது

கார்ட்டூன் கதைகளை எடுத்துத் தங்கள் இஷ்டத்துக்கு வளர்த்து இணையத்தில் எழுதுகிறவர்களின் குழு ஒன்றில் நானும் இருக்கிறேன். அங்கே மாதம் ஒரு சண்டையாவது வந்துவிடும். மனிதரல்லாத பிராணி கதையில் எப்படிப் பேச வேண்டும்? சாய்வெழுத்தில் போடு என்பார் ஒருவர். பேசவே கூடாது, கண்ணைக் காட்டினால் போதும் என்று ஒரு கட்சி. நான் வாயைத் திறப்பதில்லை. இந்த வழக்கை ஆறாம் வகுப்பிலேயே முடித்துக்கொண்டவள் நான். முடித்து வைத்தது ஒரு பூனை என்றுதான் ரொம்ப காலம் நம்பியிருந்தேன்.

அப்போது டிவியில் ஒரு டிராகன் தொடர் வந்தது. தீவிலிருந்து தப்பி வந்த டிராகனை ஒரு சிறுமி ஒளித்து வைத்திருப்பாள். அது உறுமும், பேசாது. தொடர் முடிந்த துக்கம் தாளாமல் மீதியை நானே நோட்டில் எழுதத் தொடங்கினேன். தீவுக்காரன் டிராகனைத் திருப்பிக் கேட்டு வருகிறான். வரமாட்டேன் என்று அது சொல்ல வேண்டும். அரைப் பக்கத்துக்கு 'ர்ர்ர்ர்' எழுதினேன், எனக்கே வாசிக்க முடியவில்லை. 'மானிடனே, யாம் வாரோம்' என்று மாற்றினேன். ஆண்டுவிழாவில் அட்டைக் கிரீடம் வைத்த ராஜா மாதிரி இருந்தது.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அப்போது எங்களோடு இருந்தாள். நாகலாபுரத்தில் புருஷன் வீட்டிலிருந்து வயர்க்கூடையில் ஒரு பூனையோடு கோவில்பட்டி பஸ் ஏறி வந்தவள், தீப்பெட்டி ஆபீசுக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். ஏன் வந்தாய் என்று கேட்டால் சும்மாதான் என்பாள். சும்மா வந்தவளை ஈஸ்டர் கழித்துத் திருப்பி அனுப்புவதென்று பெரியவர்கள் முடிவு செய்திருந்தார்கள். அத்தையை எனக்கு அவ்வளவு பிடிக்கும். ஆனால் எங்களிடம் பேசியதைவிடப் பூனையிடம்தான் அதிகம் பேசுவாள். அதன் பதிலையும் மூக்கால் இழுத்து அவளே சொல்லிவிடுவாள்.

"ஏட்டி, ஒன்னையத் திருப்பி அனுப்பப் போறாவளாம். போறியா?"

"போன்னா போறதுக்கு நான் என்ன பார்சலா? அங்கன தெனமும் அடிக்காவ. வெளிய சொல்லலை, அவ்வளவுதான்."

எனக்கு டிராகன் கிடைத்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்து அப்படியே எழுதிக்கொண்டேன்.

ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிறு, அத்தை புருஷனின் அண்ணன் அவளைக் கூட்டிப்போக வந்தார். வாசலில் அவள் பை தயாராக இருந்தது. அம்மா காப்பியும் கடலைமிட்டாயும் வைத்தாள். "புள்ள கதையெல்லாம் எழுதுதா. வாசிச்சுக் காட்டு," என்றார் அப்பா பெருமையாக. நானும் மூக்கால் இழுத்து வாசித்தேன். வந்தவர் பார்சலுக்குச் சிரித்தார். அடுத்த வரிக்குச் சிரிக்கவில்லை.

"இத யாரு சொன்னா?" என்று அப்பா கேட்டார்.

"டிராகன்."

அப்பா நோட்டை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு அத்தையைப் பார்த்தார். அவள் குனிந்து பூனையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"அவ இங்கனயே இருக்கட்டும் அண்ணாச்சி. நீங்க கெளம்புங்க," என்றார் அப்பா வந்தவரிடம்.

அடுத்த பக்கத்தில்தான் டிராகன் நெருப்புக் கக்கும். அதற்குள் நோட்டைப் பிடுங்கிவிட்டாரே என்று அப்பாவோடு ஒரு வாரம் பேசவில்லை. மிச்சத்தைக் கேட்டது அத்தை மட்டும்தான். பையிலிருந்த சேலைகளைத் திரும்பக் கொடியில் போட்டபடி, நெருப்பு வரும் இடத்தை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னாள்.

அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்த வயதில் நான் எழுதுவதில் ஆமை. டிக்டேஷனில் பாதி வாக்கியம் விட்டுப்போகும். பூனை சொன்னதில் மட்டும் ஒரு சொல் விடுபடவில்லை. என் பென்சில் தடுமாறிய இடத்திலெல்லாம் அது நிறுத்தி, அதே வரியை இன்னொரு தடவை நிதானமாகச் சொன்னது. பூனைக்கு என்மேல் அத்தனை பிரியம் என்று நினைத்துக்கொண்டேன்.