ஓரத்தை வெட்டிய படம்

பிள்ளைகளே, நேற்று படங்களுக்குக் கண்ணாடி போடும் கடைக்காரர் உங்கள் பள்ளிப் படத்தின் ஓரத்தை வெட்டட்டுமா என்றதும் நான் ஏன் கத்தினேன் தெரியுமா?

எண்பதுகளில் தாம்பரத்தில் உங்கள் தாத்தா பத்திரிகைப் படங்கள் சேர்த்தார். அவற்றில் ஒன்று, ஒரு தலைவர் கொட்டும் மழையில் பேசியது. படம் எடுத்தவரே ஓரத்தில் கையெழுத்துப் போட்டுத் தந்தது. தாத்தா கை கழுவித் துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவார். தலைவரின் பிறந்தநாளுக்குக் கட்சிக்காரர் ஒருவர் கெஞ்சி வாங்கிப்போனார். படம் கண்ணாடிக்குள், குங்குமப் பொட்டோடு திரும்பியது.

"ஓரத்துல எவனோ கிறுக்கி வச்சிருந்தாண்ணா, வெட்டிட்டோம். இப்ப தலைவரு பளிச்சுனு கீறாரு பாரு!"

"எடுத்தவர் பேருய்யா அது!"

"தலைவர விட அவரு பெரிய ஆளா?"

தாத்தா அதை வாங்கி அப்படியே சுவரில் மாட்டினார்.

இன்று நீங்கள் பள்ளிக்குப் போனபின் அந்தத் தலைவர் படத்தை இறக்கி, பின்னட்டையில் எடுத்தவர் பெயரை எழுதினேன்.