சூளையில் வெந்த ஜாடி

ஐந்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிட்டு ஊர் ஊராகச் சுற்றிய நான், எழுபதுகளில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் மண் சுமந்தேன். மார்கழிக் குளிருக்கு, வயிற்றில் ஓட்டை விழுந்ததால் கழித்துப்போட்ட பெரிய ஜாடியைக் கொட்டகைக்கு வெளியே கணப்பு அடுப்பாக வைத்தேன். ஒரு வாரமாக மழையில் கிடந்த ஜாடி அது.

"ஈரமா இருக்குதுண்ணே, காயட்டும்" என்றாள் என்னோடு மண் சுமந்த அஞ்சலை.

"சூளையிலயே வெந்தது, இந்தச் சுள்ளிக்கா பயப்படும்?"

"உங்க மண்டையும் அங்கதான் வெந்துதா?" என்று சிரித்தாள்.

நான் விறகை நிறைய அடைத்துக் கொளுத்தியதும் அவள் கைகாயக் குனிந்தாள். சற்று நேரத்தில் ஊறியிருந்த ஜாடி வெடித்து, ஒரு சில்லு அவள் இடது கண்ணில் பாய்ந்தது. பஸ்ஸில் கடலூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண் போய்விட்டது.

அவள் என்னைத் திட்டவில்லை. "ஒத்தக் கண்ணோட வேலைக்குச் சேர்த்துக்குவாங்களா, மேஸ்திரிய கேளுங்கண்ணே" என்றாள். கேட்டேன். அவர் சேர்க்கவில்லை. நானும் அங்கே தங்கவில்லை.

இப்போது எந்த ஊரில் மண் அடுப்பு வாங்கினாலும் இரண்டு நாள் வெயிலில் காயவைக்கிறேன். முதலில் வைக்கோல் மட்டும் எரிக்கிறேன். அடுப்பு ஒருமுறை சூடாகி ஆறும்வரை, குளிரில் நடுங்கினாலும் யாரையும் பக்கத்தில் விடுவதில்லை.