கசத்துக்குள் போட்ட மோதிரம்

இலத்தூர் ஞானதுரை எட்டாம் வகுப்பை இரண்டு தடவை படித்தவன். அதனால் மற்றவர்களைவிட இரண்டு மடங்கு தெரியும் என்று அவனே சொல்லிக்கொள்வான். மூன்றாவது தடவை படிக்க முடியாமல் போனதற்குக் காரணம் ஹெட்மாஸ்டரின் குடை. தூறலில் அவர் அதை விரித்தபோது உள்ளேயிருந்து ஒரு படி கோலப்பொடி அவர் தலையில் கொட்டியது. யார் வேலை என்று விசாரிக்க வேண்டிய அவசியமே இல்லை. பள்ளிக்கூடத்தில் ஒருவன்தான் தரையில் உருண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

பதினெட்டு வயதில் அவனுக்குக் குற்றாலத்தில் பிழைப்பு. சாரல் காலத்தில் அருவியில் குளிக்கிறவர்களின் துணிமணிக்கும் செருப்புக்கும் காவல். மதுரைக்காரர் செருப்பில் ஒன்றையும் கோயம்புத்தூர்க்காரர் செருப்பில் ஒன்றையும் ஜோடி சேர்த்து வைத்துவிட்டு, இருவரும் ஈரத் துண்டோடு சண்டை போடுவதைப் பார்ப்பது அவனுக்குச் சம்பளத்துக்கு மேல் சம்பளம். சின்னப் பிள்ளைகள் செருப்பில் மட்டும் கை வைக்கமாட்டான். ஏன் என்று கேட்டால், “அளவு சேராதுல்லா” என்பான்.

மாசி, பங்குனியில் அருவி நூலாக இளைத்துவிடும். அப்போது வேறு வேலை. அருவிக்குக் கீழே ஓடையில், பாறைகளுக்கு நடுவே ஆள் முழுகுகிற பள்ளங்கள் உண்டு, கசம் என்பார்கள். வருசம் முழுக்கக் குளிக்க வந்தவர்கள் தொலைத்ததெல்லாம் அங்கேதான் போய் அடையும். நாலு பேர் சேர்ந்து மணல் மூட்டை அடுக்கி, வருகிற தண்ணீரைத் திருப்பிவிட்டு, முடிந்தமட்டும் இறைத்து, மிச்சத்தில் முங்கித் துழாவுவார்கள்.

தலைவர் பலவேசம் அண்ணாச்சி, எண்ணெய் தேய்த்துவிடுகிறவர். இறைப்பது, அருவிக்கரையில் சீயக்காய் விற்கிற முப்பிடாதியம்மாள். குடத்தைப் பிடித்தால் இரண்டு ஆணுக்குச் சமம். தங்கத்தைப் பல்லில் கடித்தே மாற்றுச் சொல்லிவிடுவேன் என்று பீற்றுவதில் நாலு ஆணுக்குச் சமம். முங்குகிறவர் தென்காசி அப்துல் மஜீது பாய். அவர் இடுப்பில் கட்டின கயிற்றின் மறுமுனை ஞானதுரை கையில்.

நூறு தடவை முங்கினால் அறுபது தடவை சோப்பு டப்பா. முப்பது தடவை சீப்பு, ஹேர்பின், ஒற்றைச் செருப்பு. ஒன்பது தடவை வெறும் சேறு. மிச்சம் இருக்கிற அந்த ஒரு தடவைக்காகத்தான் நாலு பேரும் நாள் முழுக்க விறைத்துக் கிடப்பது.

வந்ததைப் பிரிக்கிறதுக்குச் சட்டம் இருந்தது. ஒரு தேங்காய்ச் சிரட்டையில் நாலு புளியங்கொட்டை. ஒன்றை மட்டும் பாறையில் தேய்த்து வெள்ளையாக்கியிருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கு ஒன்று எடுக்கவேண்டும். வெள்ளை யாருக்கோ பொருள் அவருக்கு. முங்கினவனுக்கும் ஒரு கொட்டைதான், கயிறு பிடித்தவனுக்கும் ஒரு கொட்டைதான். சிரட்டை கொடுத்ததைக் கூட்டாளி ஒருத்தருக்குத் தூக்கிக் கொடுக்கக் கூடாது. அப்படிக் கொடுக்க ஆரம்பித்தால் நாளைக்கு ஒருவன் கெஞ்சுவான், மறுநாள் ஒருவன் மிரட்டுவான் என்பது அண்ணாச்சியின் கணக்கு. தாலி வந்தால் மட்டும் குலுக்குவதில்லை. அது நேரே கோயில் உண்டியலுக்கு.

இன்னொரு வழியும் உண்டு. குலுக்குவதற்கு முன்னால் ஒருவர் வாய் திறந்து “எனக்கு வேணும்” என்று சொல்லிவிட்டால் குலுக்கலே கிடையாது. பொருள் அவருக்கு. எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது, அதன்பிறகு அந்தப் பொருளைத் தொடவும் கூடாது. அவர் அதை விற்கக் கூடாது, வீட்டில்தான் உபயோகிக்கவேண்டும். அன்று பொழுது சாயும்வரை சிரட்டையில் அவருக்குக் கொட்டை கிடையாது. போன வருசம் யாரோ அருவியில் விட்ட பல்செட் ஒன்று வந்தது. அண்ணாச்சி வேணும் என்று சொல்லிவிட்டார். மூன்று நாள் வெந்நீரில் போட்டு வைத்து மாட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் பேச்சு ஒரு பக்கம் போகும், பல் ஒரு பக்கம் போகும்.

மஜீது பாய் பதிமூன்று வருசமாக முங்குகிறார். ஒரு தடவைகூட அந்த வார்த்தையைச் சொன்னதில்லை.

எண்பத்தொன்றாம் வருசம் பங்குனியில் ஞானதுரை தென்காசிக் கோயில் வாசலில் சிவப்புக்கல் வைத்த கவரிங் மோதிரம் ஒன்று வாங்கினான். காலையில் முதல் ஆளாக வந்து, குடம் நிரப்பும் இடத்துக்குப் பக்கத்தில் சேற்றுக்குள் அமுக்கி வைத்தான். முப்பிடாதியக்கா கண்டெடுக்கவேண்டும், கடிக்கவேண்டும், “அசல் தங்கம்டா” என்று கண்ணை மூடிச் சொல்லவேண்டும். அவ்வளவுதான் திட்டம். சிரிப்பை நேற்று ராத்திரியே தயார் பண்ணியாயிற்று.

ஆனால் கையில் தட்டுப்பட்டது மஜீது பாய்க்கு. தண்ணீருக்கு மேலே வந்தார். உள்ளங்கையில் மோதிரத்தை வைத்துப் பார்த்தார். தாடியிலிருந்து சொட்டின தண்ணீர் அதைக் கழுவிவிட்டது.

“குடும் இங்கன, கடிச்சுப் பாக்கேன்” என்று முப்பிடாதியம்மாள் கை நீட்டினாள்.

பாய் கையை மூடிக்கொண்டார். “எனக்கு வேணும்” என்றார். பாறையைப் பார்த்துத்தான் சொன்னார்.

அவர் மகள் ஷமீம் பானுவுக்கு அடுத்த வாரம் கல்யாணம் என்பது எல்லோருக்கும் தெரியும். முப்பிடாதியம்மாள் நீட்டின கையை மடக்கிக் குடத்தை எடுத்துக்கொண்டாள். அண்ணாச்சி மணல் மூட்டையைச் சரிபண்ணப் போனார். ஒருவர் வேணும் என்று சொன்னால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வது வழக்கம்.

ஞானதுரைக்கு வாய் திறந்தது. தயார் பண்ணின சிரிப்பு வரவில்லை. சொல்லியிருக்கலாம். அந்த நிமிசம் சொல்லியிருந்தால் நாலு வசவோடு போயிருக்கும். அவன் கயிற்றைச் சுருட்டினான்.

மத்தியானம் பாய் மறுபடி முங்கி, வேரில் சிக்கியிருந்த ஒரு சங்கிலியோடு வந்தார். அறுந்த சங்கிலி, கறுப்பு நூல் சுற்றியது, நிஜத் தங்கம். முப்பிடாதியம்மாள் கடித்தே சொன்னாள். சிரட்டையில் மூன்று கொட்டை போட்டார்கள். பாய்க்குத்தான் அன்றைக்கு இல்லையே. வெள்ளை ஞானதுரைக்கு விழுந்தது.

“யோகக்காரப் பயலே!” என்று முதலில் முதுகில் தட்டினது மஜீது பாய்தான்.

வெள்ளிக்கிழமை பாய் வீட்டுக்குப் போனான், சொல்லிவிடுவது என்று. பாயின் சம்சாரம் சைதூன் பீவி அவனைப் பேசவிடவில்லை. “வாப்பா, வா. பாய் உன்னைப் பத்திப் பேசாத நாளில்ல. நீ இருக்க இடத்துல சிரிப்பாணிதானாமே” என்று இலையைப் போட்டாள். பஞ்சில் பொதிந்த மோதிரத்தைக் கொண்டுவந்து காட்டினாள். “பதிமூணு வருசம் முங்குனதுக்கு அல்லா குடுத்தது. மாப்பிள்ளை வீட்டுக்கும் சொல்லி அனுப்பியாச்சு, மோதிரம் ஒண்ணு உண்டும்னு.” கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. ஞானதுரை மூன்று தடவை சோறு வாங்கித் தின்றான். வாய் நிறைய இருந்தால் பேசவேண்டாம் பாருங்கள்.

அப்புறம் அவன் மூளை அதற்குத் தெரிந்த ஒரே வழியில் போனது. திங்கட்கிழமை காலையில் அந்தச் சங்கிலியைக் கொண்டுபோய்ப் பாய் முங்குகிற இடத்தில் புதைத்தான். பாய் எடுப்பார், மகள் கழுத்துக்கு என்று இன்னொரு தடவை வேணும் என்பார், கணக்கு நேராகிவிடும்.

பாய் எடுத்தார். பலவேசம் அண்ணாச்சி வாங்கிப் பார்த்தார். கறுப்பு நூல் அப்படியே இருந்தது.

“ஏலே, இது அன்னைக்கு உனக்கு விழுந்த சங்கிலில்லா?”

“தண்ணிக்கே திருப்பிக் குடுத்துட்டானோ?” என்றாள் முப்பிடாதியம்மாள். “என்னலே முழிக்க?”

ஞானதுரை சொன்னான். மோதிரம் கவரிங் என்று, தானே போட்டது என்று, அக்காவைக் கடிக்கவைக்கத்தான் என்று. சொல்லச்சொல்ல ஒவ்வொன்றும் முந்தினதைவிட அசிங்கமாக இருந்தது.

மஜீது பாய் தலைத்துண்டைப் பிழிந்தார். “வெள்ளிக்கிழமை எங்க வீட்டுல சாப்பிட்டேல்லா?”

“ஆமா பாய்.”

“அப்பவும் உனக்குத் தெரியும்.”

“ஆமா.”

பாய் துண்டை உதறித் தலையில் கட்டிக்கொண்டார். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அண்ணாச்சி பல்லைச் சரிபண்ணிக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். “பாய் வேணும்னு சொன்ன சாமான் பொய். அதனால அந்தச் சொல்லும் கணக்குல இல்ல. சங்கிலியை நாலு கொட்டை போட்டு மறுபடி குலுக்கணும்.” சொல்லிவிட்டுச் சிரட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். முப்பிடாதியம்மாள் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். பாய் வாயைத் திறக்கட்டும் என்றுதான் இரண்டு பேரும் முன்கூட்டியே முகத்தைத் திருப்பினார்கள். ஞானதுரையும் திருப்பிக்கொண்டான், அவன் காது மட்டும் அங்கேயே நின்றது.

பாய் இடுப்புக் கயிற்றின் முடிச்சை இறுக்குகிற சத்தம் கேட்டது.

“குலுக்கும்வே” என்றார் பாய்.

வெள்ளை முப்பிடாதியம்மாளுக்கு விழுந்தது. அவள் அதை முந்தானையில் முடிந்துகொண்டு இறைக்கப் போனாள். அன்றைக்கு அவள் குடம் பாறையில் இடித்துக்கொண்டே இருந்தது.

போகும்போது பாய் அவன் பக்கம் பார்க்காமல் சொன்னார்: “வீட்டுல சொல்லமாட்டேன். அந்தப் பிள்ளை சந்தோசமா இருக்கு. நீயும் சொல்லாத.”

கல்யாணத்துக்குப் போகக் கூடாது என்றுதான் நினைத்திருந்தான். சைதூன் பீவி ஆள் அனுப்பிவிட்டாள். பந்தலில் சர்பத் கொடுக்கிற வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டான். பெண்ணுக்குப் போடுகிற நகையைத் தாம்பாளத்தில் வைத்துச் சபைக்குக் கொண்டுவந்தார்கள். கொஞ்சம்தான், அதில் சிவப்புக்கல் மோதிரம் எல்லாவற்றையும்விடப் பளபளத்தது. ஆலங்குளத்தில் நகை வியாபாரமாம், மாப்பிள்ளைக்கு மாமா பீர் மைதீன். அவர் அதை எடுத்தார். கையில் எடை பார்த்தார். புருவம் சுருங்கியது. வெளிச்சத்துக்குத் திருப்பி, நகத்தை வைத்தார்.

மஜீது பாய் முங்கப்போகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஞானதுரை கால் தடுக்கினமாதிரி விழுந்தான். பன்னிரண்டு கிளாஸ் ரோஸ் சர்பத்தும் பீர் மைதீனின் வெள்ளைச் சட்டையில் போய் நின்றது. மோதிரம் தாம்பாளத்தில் விழ, யாரோ தாம்பாளத்தை அவசரமாக உள்ளே கொண்டுபோனார்கள்.

“கண்ணு என்ன பொடதியிலயாலே இருக்கு?” பீர் மைதீன் கை ஓங்கி ஒன்று வைத்தார். பந்தலே சிரித்தது.

பாய் வந்து அவன் சட்டையைப் பிடித்துத் தெருமுனைவரை இழுத்துக்கொண்டு போனார். “உனக்கு எல்லாமே விளையாட்டுத்தானாலே?” என்றார். கண்ணில் இருந்தது கோபம்தான், அதில் சந்தேகமே இல்லை.

விளையாட்டில்லை பாய் என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் மோதிரத்தைப் பற்றிப் பேசவேண்டும். இந்த மனிதரை அதைப் பற்றி இன்னொரு தடவை கேட்கவைக்க அவனால் முடியவில்லை.

“ஆமா பாய்” என்றான்.

பாய் திரும்பிப் பந்தலுக்குப் போனார். பிரியாணி வாசம் தெருவில் வந்து நின்றது. ஞானதுரை கன்னத்தில் ஒட்டின சர்பத்தைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.