கண்ணாடிக் கட்டடத்தில் பெரட்டு

திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும் என்று தோட்டத்து மேனேஜர் சொல்லி அனுப்பியிருந்தார். ஆபிஸில் கணக்கெழுதும் கிராணி வேலை காலி. கம்ப்யூட்டர் படித்துவிட்டு லயத்து வீட்டில் சும்மா இருக்கும் என்னை அதில் உட்கார வைத்துவிடலாம் என்பது அவர் யோசனை. அப்பாவுக்கு வாயெல்லாம் பல்.

"கிராணின்னா லேசா பாப்பா? காத்தாடிக்குக் கீழ உக்காந்துக்கிட்டே இருக்கலாம்லா."

எனக்கோ ஓரிடத்தில் உட்காராத கால்கள். வெள்ளிக்கிழமை கோலாலம்பூரில் ஒரு பெரிய கம்ப்யூட்டர் கம்பெனி நேர்காணலுக்குக் கூப்பிட்டிருந்தது. கிடைத்தால் நகரம், கிடைக்காவிட்டால் காத்தாடி. லாபு ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினேன். ஜன்னலில் செம்பனைகள் தலைவிரித்து ஓடின.

கண்ணாடிக் கட்டடம். லிஃப்டில் காது அடைத்தது. மேசைக்கு அந்தப்புறம் ஒரு மலாய்க்கார அம்மா, ஒரு சீனர். பலகையில் புரோகிராம் எழுதச் சொன்னார்கள். எழுதினேன், பாதியில் மாட்டிக்கொண்டேன், அழித்தேன், மறுபடி எழுதினேன். சீனர் எதையோ குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

பிறகு அந்த அம்மா ஆங்கிலத்தில் கேட்டார். தினமும் காலையில் குழு முழுவதும் எழுந்து நிற்குமாம். நேற்று என்ன செய்தேன், இன்று என்ன செய்வேன், எது தடுக்கிறது என்று ஆளாளுக்குச் சொல்ல வேண்டுமாம். பழக்கம் உண்டா?

"பெரட்டு," என்றேன். வாயில் தமிழ்தான் வந்தது.

இருவரும் விழித்தார்கள். வேறு வழியில்லாமல் விளக்கினேன். விடியுமுன் எங்கள் தோட்டத்தில் எல்லோரும் வரிசையாக நிற்பார்கள். வேலை வாங்கும் மண்டோர் பேர் கூப்பிடுவார். யாருக்கு எந்த மர நிரை, எங்கே பாம்பு, எந்த மரத்தில் குளவி என்று அங்கேதான் தெரியும். என் அம்மா தூக்கம் கலையாமலேயே அதில் நின்றவள்.

சீனர் முதல்முறையாகச் சிரித்தார். அந்த அம்மா சிரிக்கவில்லை. அப்படியானால் வரிசையிலிருந்து தப்பித்து, இங்கே இன்னொரு வரிசையில் நிற்கவா வந்தாய் என்று கேட்டார்.

நிற்பதில் எனக்குக் கஷ்டமில்லை என்றேன். அங்கே மண்டோர் மட்டும்தான் பேசுவார். இங்கே என்னையும் பேசச் சொல்கிறீர்கள், அதற்காக வந்தேன் என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று எனக்கே தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமை வரை சத்தமில்லை. திங்கட்கிழமை காலை, அப்பா சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு மேனேஜரைப் பார்க்கக் கிளம்பும் நேரத்தில் போன் வந்தது. வேலை கிடைத்துவிட்டது. அம்மா என் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"அங்க மண்டோர் யாரு?"

"அப்படி ஒருத்தரும் இல்லப்பா. அவங்கவங்க வேலைய அவங்கவங்களே சொல்லணும்."

"ஏசறதுக்குக்கூட ஆள் இல்லையா?" சட்டைப் பொத்தானைப் போட்டார். "அப்ப ரொம்ப கஷ்டம்லா."

சொல்லிவிட்டு, அதே சட்டையில், மகள் வரமாட்டாள் என்று சொல்ல ஆபிஸுக்கு நடந்தார். வேகமாகத்தான் நடந்தார்.